குடையும் காளானும்: பேராதனை வளாகத்தில் ஒரு பிந்திய சாப்பாடு

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை வத்தேகமயிலிருந்து பேராதனைக்குப் போய் வந்தோம். போனது நானும் என் மகள் செல்வியும். காரணம் ஒரு மதியச் சாப்பாடு. மகாவலிக் கரையிலிருக்கும் பல்கலைக்கழகத்தில், மாணவர் விடுதி ஒன்றின் சாப்பாட்டறையில் நான் முப்பத்தாறு வருடம் வேலை செய்தவன். அந்த விடுதியின் பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, அதே அறையில் ஒரு நாள் சாப்பிடுவதென்று தீர்மானித்து என்னையும் அழைத்திருந்தார்கள்.

நான் சொல்ல, செல்வி எழுதுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாது. கீழே வரும் நேரம், தூரம், காசு எல்லாம் என் நினைவில் இருந்தவை. அவள் டிக்கெட்டுத் துண்டுகளை வைத்துச் சரி பார்த்தாள். ஒரு இடத்தில்தான் பிழைத்தேன், அதுவும் இரண்டு ரூபாய்.

அழைப்பு தொலைபேசியில் வந்தது.

"மாரிமுத்து அண்ணனா?"

"ஆமாங்க. யாருங்க பேசுறது?"

"காளான்."

எனக்கு உடனே ஆளைத் தெரிந்துவிட்டது. அக்குறணைக்காரர், என்ஜினியரிங் படித்தவர், அந்தக் காலத்தில் தலைமயிர் காளான் குடை மாதிரி விரிந்து நிற்கும். பெயர் நளீம் என்பது அவர் சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்.

"குடையும் வாரான் அண்ணே. லண்டன்ல ஈந்து பொஞ்சாதியோட வாரான். நீங்க வருவீங்களான்னுதான் மொதல்ல கேட்டான்."

குடை என்பதும் பட்டப்பெயர்தான், நளீமோடு படித்த மாணவர். குடைக்கு நான் ஒரு பிழை செய்திருந்தேன். அது நடந்து ஐம்பது வருடமாகிறது. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தே அத்தனை வருடமும் போயிற்று. பயணத்துக்கு உண்மையான காரணம் அதுதான். சாப்பாடு இரண்டாவது.

காலை 6.50க்கு வத்தேகமயில் பஸ் ஏறினோம். கண்டிக்குப் பதினான்கு கிலோமீற்றர், ஒருவருக்கு 38 ரூபாய். மாத்தளை ரயிலிலும் வரலாம், அது மலிவு, ஆனால் கூட்டம் கூடாத பெட்டி கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். மடவளையில் பத்து நிமிடம் நின்றும் 7.45க்குக் கண்டிக்கு வந்துவிட்டோம். மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துக் கடையில் இரண்டு பிளேன்ரீ, நான்கு உளுந்து வடை, 140 ரூபாய். நான் வடையைத் தொடவில்லை. செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, போனதும் போகாததுமா அவர்கிட்ட அந்தக் கதைய ஆரம்பிச்சிராதீங்க. மனுசன் ஊர்விட்டு ஊர் வந்திருக்காரு."

"பொறவு எப்ப சொல்றது? இன்னொரு அம்பது வருசம் கழிச்சா?"

"சாப்பிட்ட பொறவு சொல்லுங்க."

"சாப்பாட்டுலதான்மா தப்பே நடந்துச்சு," என்றேன். அவள் என் பங்கு வடையையும் எடுத்துச் சாப்பிட்டாள்.

பேராதனைக்கு நிறையப் பஸ் இருக்கிறது. ஆனால் வளாகத்துக்குப் போகிறவர்கள் கலஹா போகும் பஸ்ஸில் ஏறுங்கள். அது பூந்தோட்டத்துக்கு அருகே கலஹா சந்தியில் திரும்பி வளாகத்துக்கு நடுவாலேயே போகிறது. நாங்கள் ஏறியது 8.30க்கு, ஒருவருக்கு 24 ரூபாய். ஏழு கிலோமீற்றர்தான், சனிக்கிழமை நெரிசலில் முப்பத்தைந்து நிமிடம் எடுத்தது. கொண்டக்டர் தம்பி கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை.

"எங்கய்யா எறங்கணும்?"

"கெம்பஸ்க்குள்ள. செவப்பு தபால்பெட்டிக்கு எதிர்த்தாப்ல. பக்கத்துல சாஞ்ச பலாமரம் நிக்கும்."

"பெட்டியும் இல்ல, பலாவும் இல்ல. அந்த எடத்துல இப்ப காசு எடுக்கிற மெசின்தான் நிக்குது."

"அப்ப மெசின்லயே எறக்கி விடுங்க தம்பி."

"கார்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டு அவனே சிரித்துக்கொண்டான்.

இறங்கினால் வலது பக்கம் புல்வெளி, அதற்கப்பால் ஆறு, இடது பக்கம் ஹந்தான மலை. ரோஸ் நிறப் பூ மரங்கள் இலையில்லாமல் பூத்து நின்றன. மார்ச் மாதம் இங்கே வருகிறவர்களுக்கு அந்தப் பூ ஒரு காட்சி. மாணவர்களுக்கு அது ஒரு எச்சரிக்கை. பூத்துவிட்டால் பரீட்சை கிட்டிவிட்டது என்று அர்த்தம். பூத்த பிறகு புத்தகத்தைத் திறக்கிறவன் அடுத்த வருடமும் இதே மரத்தை வந்து பார்ப்பான் என்று ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். நான் இருந்த அத்தனை வருடமும் இந்தக் கேலி நடந்தது. அன்றைக்கும் மரத்தடியில் நின்ற ஒரு பெண்பிள்ளை தன் தோழியிடம் சிங்களத்தில் இதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அங்கிருந்து விடுதிக்கு ஒன்றேகால் கிலோமீற்றர் ஏற்றம். செல்வி முச்சக்கர வண்டி பிடிக்கப் போனாள், நான் விடவில்லை. இந்தப் பாதையில் எனக்கு ஒவ்வொரு வளைவும் ஒரு வருடம்.

நான் ஹேவாஹெட்டத் தோட்டத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்தபோது சுதந்திரம் கிடைத்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து மலைக்கு வந்து சில வருடம்தான். கட்டடங்களில் சுண்ணாம்பு வாசம் கூடப் போகவில்லை. எங்களுக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டு. சாப்பாட்டறையில் ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்த மேடை, அதில் வார்டனுக்கும் ஆசிரியர்களுக்கும் மேசை. அவர்கள் வந்து உட்காரும்வரை ஒருவரும் உட்காரக் கூடாது. வார்டன் ஆங்கிலத்தில் இரண்டு வரி சொல்வார், பிறகு இருநூறு கதிரைகள் ஒரே நேரத்தில் கிரீச்சிடும். வலது கையில் கத்தி, இடது கையில் முட்கரண்டி. சோற்றையும் அப்படித்தான் சாப்பிட்டார்கள். மாணவர் எல்லாருமே எங்களுக்கு "சேர்".

பிறகு பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் நடக்கத் தொடங்கின. அதுவரை வராத ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்தார்கள். பெரிய மனிதர்கள் இதைப் பற்றி நிறையப் பேசியிருப்பார்கள். நான் அதைச் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன். வன்னிப் பக்கத்துப் பிள்ளை ஒன்று முதல் நாள் முட்கரண்டியைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, மெதுவாக மேசையில் வைத்துவிட்டுக் கையால் பிசைந்து சாப்பிடத் தொடங்கியது. பக்கத்து மேசை பேச்சை நிறுத்தியது. அந்த அமைதி மேசை மேசையாகப் பரவி மேடைக்குப் போனது. வார்டன் நிமிர்ந்து பார்த்தார். தன் கத்தியையும் முட்கரண்டியையும் சேர்த்து ஓரமாக வைத்தார், சட்டைக் கையை மடித்தார், அவரும் கையால் சாப்பிட்டார். அடுத்த தவணைக்குள் முட்கரண்டிகள் அலுமாரிக்குள் போய்விட்டன. நாங்களும் மெல்ல மெல்ல "சேர்" என்பதிலிருந்து "தம்பி"க்கு வந்தோம். அவர்கள் எங்களை "அண்ணே" என்றார்கள்.

அதற்குப் பிறகு என்ஜினியரிங் பிள்ளைகள் கொழும்பிலிருந்து இங்கே வந்தார்கள். அவர்களுக்குக் கட்டடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். நடைபாலம் வழியாக வர வேண்டும். பட்டறை வகுப்பு முடிந்து பாலம் தாண்டி ஏறி வர மதியம் இரண்டு மணியாகும். சாப்பாட்டறை ஒன்றரைக்கே மூடிவிடும். அதனால் பிந்தி வருகிறவர்களுக்குத் தட்டில் போட்டு மூடி வைக்கும்படி உத்தரவு வந்தது. அந்த வேலை என் தலையில் விழுந்தது.

எனாமல் தட்டில் சோறு, கறி. மேலே இன்னொரு எனாமல் தட்டைக் கவிழ்த்து மூட வேண்டும். மூடியின் மேல் பெயர் எழுத வேண்டும். கிளார்க் ஐயா காலையில் பெயர்களை வாசித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பெயர்களை நான் நினைவில் வைத்துக்கொள்வேன், ஆனால் எழுதுவது எப்படி? கரும்பலகையில் எழுதும் வெண்கட்டியை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு படம் போட ஆரம்பித்தேன். தடித்த கண்ணாடி போட்டவருக்கு மூக்குக்கண்ணாடி. ஊரிலிருந்து எந்நேரமும் ரயில் பிந்திய கதை கொண்டு வருகிறவருக்கு ரயில். பாடினால் ஆடு கத்துவது போலிருந்தவருக்கு ஆட்டுத்தலை. மழைக்காலத்தில் போகுமிடமெல்லாம் குடையை மறந்து விட்டுவிட்டு வருகிற யாழ்ப்பாணத்துத் தம்பிக்குக் குடை. நளீமுக்குக் காளான்.

இது விடுதியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று தடவை பிந்தி வந்தால்தான் படம் கிடைக்கும் என்று பிள்ளைகளே விதி வைத்தார்கள். படத்துக்காக வேண்டுமென்றே பிந்தி வந்தவர்களும் உண்டு. "அண்ணே, எனக்கு என்ன படம்?" என்று வாசலில் வந்து நிற்பார்கள். படிப்பு முடிந்து போனவர்கள் எனக்குத் தபால் அட்டை அனுப்புவார்கள், அட்டையில் படம் மட்டும்தான் இருக்கும். ஒரு ரயில். ஒரு ஆட்டுத்தலை. நானே வாசிக்கக்கூடிய தபால்கள் அவைதான். ஒரு பிஸ்கட் டின் நிறைய வைத்திருக்கிறேன். அதில் குடை மட்டும் இல்லை.

இனி என் பிழையைச் சொல்கிறேன்.

குடைத் தம்பி பிறந்ததிலிருந்து சுத்த சைவம். அவரைக் கொண்டுவந்து விட்ட அன்று அவருடைய தகப்பனார், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, நேரே சமையலறைக்கு என்னைத் தேடி வந்தார். "தம்பி, என்ர பிள்ளை மச்சம் தொடாதவன். மீனும் இல்லை, முட்டையும் இல்லை. உம்மை நம்பித்தான் விட்டிட்டுப் போறன்" என்று சொல்லி, ஓலையில் கட்டிய ஒரு பனங்கட்டிக் குட்டானையும் என் கையில் வைத்தார். குடைப் படம் போட்ட தட்டில் மரக்கறி மட்டுமே இருக்கும். மூன்று வருடம் ஒரு நாள் கூடத் தவறவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. நல்ல மழை. பாலம் தாண்டி முப்பது பேர் ஒன்றாக நனைந்துகொண்டு ஓடி வந்தார்கள். தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே என் சட்டைக் கை ஒரு மூடியில் உரசியதை நான் கவனிக்கவில்லை. குடைக்கும் காளானுக்கும் என் கையெழுத்தில் வித்தியாசம் ஒன்றே ஒன்று: குடையின் கைப்பிடியில் ஒரு வளைவு. அந்த வளைவு அழிந்துபோயிற்று. அவசரத்தில் குடையின் மரக்கறித் தட்டு நளீமுக்குப் போனது. நளீமின் மீன் தட்டு குடைக்குப் போனது.

"அண்ணே, என்ட மீனெங்க? இதுல பூசணிக்காதான் ஈக்கி" என்று நளீம் கத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. யன்னல் பக்கம் ஓடினேன். குடையின் கதிரை காலி. தட்டு கழுவும் மேசைக்கு வந்திருந்தது. மூடியைத் திறந்தேன். ஒரு பருக்கை கூட இல்லை. எச்சில் வாளியில் அப்படியே கொட்டிவிட்டுப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து பரீட்சை முடியும்வரை, இரண்டு மாதம், அவர் பிந்திய சாப்பாட்டுக்கு வரவேயில்லை. வழியில் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிப் போவார். பட்டினி கிடந்து படிக்கிறார் என்று நினைத்தேன். சொல்லவும் பயம், கேட்கவும் பயம். பரீட்சை முடிந்ததும் போய்விட்டார். பாஸா, இல்லையா என்று கூட எனக்குத் தெரியாது. பனங்கட்டி கொடுத்த அந்தக் கை மட்டும் அடிக்கடி நினைவுக்கு வரும்.

இதை நினைத்துக்கொண்டே ஏறியதால் ஏற்றம் தெரியவில்லை. 9.50க்கு விடுதி வாசல். முன்பு ஒருவருக்கு ஒரு அறை, பிறகு இரண்டு பேர், நான் ஓய்வு பெறும்போது நான்கு பேர். இப்போதும் யன்னல்களில் துணி காய்வதைப் பார்த்தால் குறைந்ததாகத் தெரியவில்லை. சாப்பாட்டறையில் மேடை இருந்த இடம் சமதரையாகிவிட்டது. மரக்கதிரைகள் போய் பிளாஸ்டிக் கதிரைகள். யன்னல் மட்டும் அதே யன்னல், அதற்குள் அதே ஆறு.

நளீம் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். காளான் முழுவதும் உதிர்ந்து தலை பளபளவென்றிருந்தது.

"பாத்தீங்களா அண்ணே, படத்த மாத்த வேண்டி வந்திட்டு. இப்ப முட்டை போடுங்க."

"படம் ஒரு தடவதான் தம்பி. முடி போனதுக்கு நான் பொறுப்பில்ல."

அவர் சும்மா வரவில்லை. கண்டிச் சந்தையில் அறுபது சோடி எனாமல் தட்டும் ஒரு பெட்டி வெண்கட்டியும் வாங்கி வந்திருந்தார். அன்றைக்கு எல்லாரும் பிந்தி வந்தவர்களாம், எல்லாருக்கும் மூடிய தட்டுதானாம். ஆட்கள் வர வர, வாசலில் நிறுத்தி முகத்தைப் பார்த்துப் படம் போடுவது என் வேலை. மகிந்தோ, மைக்கலோ, மகேந்திரனோ, எனக்குப் பெயர் வரவில்லை. படம் வந்தது. ஆட்டுத்தலைக்குத் தாடி முளைத்து இன்னும் அசல் ஆடாகியிருந்தார். ரயில் ஊன்றுகோலோடு வந்தார், "லேட்தான் அண்ணே, ஆனா வந்துட்டேன்" என்றார். மாத்தறைக்காரர் ஒருவர் எதிரே நின்று ஒன்றும் பேசாமல் என்னைச் சோதித்தார். தேள் போட்டேன். கைதட்டி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். முப்பத்தெட்டுப் பேர், ஒருவரும் தவறவில்லை. செல்வி பக்கத்தில் நின்று எண்ணினாள்.

பன்னிரண்டரை ஆகியது, ஒரு மணி ஆகியது. குடை வரவில்லை. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வருவதாகச் சொன்னவர் என் முகத்தைப் பார்க்க மனமில்லாமல் திரும்பிவிட்டாரோ என்று தோன்றியது. செல்வி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

ஒன்று இருபதுக்கு ஒரு வான் வண்டி வந்து நின்றது. மெலிந்த உயர்ந்த மனிதர், நரைத்த தலை. பின்னால் அவருடைய மனைவி, நீலச் சேலை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. இருவரும் நனைந்திருந்தார்கள்.

"அண்ணை, என்னைத் தெரியுதோ?"

"குடை எங்க தம்பி?"

"ஐயோ, தங்கின ஹோட்டலிலை விட்டிட்டன்."

"இது மூண்டாவது," என்றார் மனைவி. "லண்டனிலை ஒண்டு, கட்டுநாயக்காவிலை ஒண்டு. இனி வாங்கிக் குடுக்கமாட்டன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒரு மூடியில் குடையைப் போட்டேன். கைப்பிடியின் வளைவை நன்றாக அழுத்திப் போட்டேன். பிறகு வெண்கட்டியைக் கீழே வைத்தேன். செல்வி சொன்னது ஞாபகம் வந்தது, ஆனால் வாய் கேட்கவில்லை.

"தம்பி, சாப்பிட முந்தி ஒரு விசயம். அன்னைக்கு மழையில தட்ட மாத்திக் குடுத்துட்டேன். ஒங்களுக்கு மீன் தட்டு வந்துச்சு. என் கைதான் அந்தப் படத்த அழிச்சது. ஒங்கப்பா என்ன நம்பி விட்டுட்டுப் போனாரு. பரீட்ச நேரத்துல ரெண்டு மாசம் ஒங்கள பட்டினி போட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க."

அவர் மனைவியை ஒரு தடவை பார்த்தார். கழுத்துவரை சிவந்துவிட்டது.

"அப்ப என்ட மீனத் திண்டது நீயாடா?" என்றார் நளீம். "அம்பது வருசமா நான் தேளத்தான் சந்தேகப்பட்டு ஈந்த."

"திண்டிருந்தாத்தானே," என்றேன் நான். "வாளியில கொட்டிட்டாரு."

"அண்ணை," என்றார் குடை. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "நான் கொட்டேல்லை."

"என்ன தம்பி?"

"சாப்பிட்டனான். முதல் வாய் வைக்கேக்கை தெரியாது. ரெண்டாவது வாய் வைக்கேக்கை தெரியும். முள்ளைக் கூடப் பொக்கற்றிலை இருந்த லேஞ்சியிலை சுத்திக்கொண்டு போய்ப் பாலத்திலை நிண்டு ஆத்துக்குள்ளை போட்டனான். அப்பிடியொரு சாப்பாடு நான் அதுவரைக்கும் சாப்பிட்டதில்லை."

நான் கேட்டேன்.

"அப்ப ஏன் தம்பி அதுக்குப் பொறவு வரல?"

"எப்பிடி வாறது? திரும்ப மரக்கறித் தட்டைத் தருவியள். மீன் தாங்கோ எண்டு உங்களிட்டைக் கேக்க ஏலுமே? ஒவ்வொரு மாசமும் அப்பா வந்தா முதல்லை உங்களோடைதானே கதைக்கிறவர். ரெண்டு மாசமும் கலஹா சந்தியிலை ஒரு முஸ்லிம் காக்காவின்ர கடையிலை மீன் சோறு. உங்களைக் கண்டா எனக்குத்தான் பயம், அண்ணை. என்ர வாயிலை மணம் வருமெண்டு தள்ளிப் போனனான்."

"பரீட்ச?"

"முதல் வகுப்பு. மீனின்ர புண்ணியம்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் மனைவியின் பக்கம் மெதுவாகத் திரும்பினார். அந்த அம்மாவும் பிறவிச் சைவமாம். நாற்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் இந்தக் கதையை அவர் வீட்டில் சொன்னதேயில்லை. அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்துத் தண்ணீரைத் துடைத்தார்.

"இவர் ஒவ்வொரு புதனும் லைப்ரரிக்குப் போறவர், அண்ணை. ஒரு புத்தகம் கொண்டு வந்ததை நான் காணேல்லை. கோட்டிலை மட்டும் பொரிச்ச மீன் மணக்கும். பாவம், போகட்டும் எண்டு விட்டிட்டன்."

நளீம் கதிரையில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பில் நிற்க முடியவில்லை. ஆட்டுத்தலை சிரித்தது இன்னும் அதே கனைப்பு. குடை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. காலையில் விட்ட வடைக்கெல்லாம் சேர்த்து அப்போதுதான் எனக்குப் பசித்தது.

முகத்திலிருந்து கையை எடுத்ததும் அவர் மேசையிலிருந்த மூடியைப் பார்த்தார்.

"அண்ணை, இந்தக் குடை எனக்கு வேண்டாம்."

எனக்கு விளங்கியது. அந்த மூடியை எடுத்தேன். கைப்பிடியின் வளைவைச் சட்டைக் கையால் துடைத்தேன். இந்த முறை தெரிந்தே துடைத்தேன். காம்பைக் கொஞ்சம் தடிப்பாக்கினேன். பிறகு உள்ளே போய் அந்தத் தட்டில் இரண்டு துண்டு மீன் வைத்து, குழம்பும் விட்டு மூடிக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"அப்ப எனக்கு?" என்றார் நளீம்.

"ஒங்களுக்குப் பூசணிக்கா தம்பி. ஒரு காளானுக்குத்தான் மீன்."

பூசணிக்காயை வைத்துவிட்டு, அவர் முகம் போன போக்கைப் பார்த்து மீனும் வைத்தேன். எனக்கும் செல்விக்கும் யன்னல் பக்கம் இடம் போட்டிருந்தார்கள். முப்பத்தாறு வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்தக் கதிரையிலிருந்து ஆறு இவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு வந்த தட்டின் மூடியில் ஒரு வெண்கட்டித் துண்டைப் படமாகப் போட்டிருந்தார்கள். யார் போட்டது என்று கேட்டதற்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். மழை விட்டிருந்தது. திரும்பும்போது மூட்டு வலித்ததால் சந்திவரை முச்சக்கர வண்டி, 150 ரூபாய். அங்கிருந்து கண்டி பஸ், 5.40க்கு வத்தேகம பஸ். இருட்ட முன்பே வீட்டில் இருந்தோம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில வார்த்தை. நான் சொன்ன கட்டணங்கள் நீங்கள் போகும்போது கூடியிருக்கும், கையில் சில்லறை வைத்திருங்கள். பூ பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல். காலை பத்து மணிக்குள் போனால் வெயில் ஏறுமுன் நடக்கலாம். மழைக்கு எந்த மாதத்திலும் குடை கொண்டு போங்கள், திரும்பக் கொண்டுவரவும் பாருங்கள். நடைபாலத்தை ஒரு தடவையாவது நடந்து தாண்டுங்கள், நடுவில் நின்றால் ஆறு இரண்டு பக்கமும் வளைந்து போவது தெரியும். மலைச் சரிவில் படிப்படியாக அமைந்த திறந்தவெளி அரங்கில் நாடகம் ஏதும் நடக்கிறதா என்று விசாரியுங்கள். நாடகம் நன்றாக இல்லாவிட்டால் மாணவர்கள் போடும் கூக்குரல் நாடகத்தை விட நன்றாக இருக்கும். குன்றின் மேல் தமிழ்ப் பிள்ளைகள் எழுப்பிய முருகன் கோயில் இருக்கிறது, ஏற்றம் கடுமை, வயதானவர்கள் வண்டியில் போங்கள். விடுதிகளுக்குள் முன்கூட்டிச் சொல்லாமல் போகாதீர்கள், அங்கே பிள்ளைகள் வசிக்கிறார்கள். யாரிடமாவது சொல்ல வேண்டியது ஏதாவது உங்களிடம் இருந்தால், ஐம்பது வருடம் வைத்திருக்காதீர்கள். எனக்கு நல்லபடியாக முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடியுமா தெரியாது.

மூன்று வாரம் கழித்து லண்டன் முத்திரையோடு ஒரு தபால் அட்டை வந்தது. செல்வி வாசிக்கக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. அட்டையில் ஒரு குடை, கைப்பிடி நன்றாக வளைந்திருந்தது. குடைக்கு அடியில் நனையாமல் ஒரு மீன். வாசித்து முடித்து பிஸ்கட் டின்னில் போட்டேன்.